காற்று சொல்லும் இடத்தில் பொம்மை வாத்து

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு குகை இருக்கிறது. 1924ஆம் ஆண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் மார்க் ஹாரிங்டனும் லூயலின் லவுடும் அந்தக் குகையைத் தோண்டியபோது, யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்திருந்த 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன. கோரையை வளைத்து இறுக்கிக் கட்டி உடல் செய்திருந்தார்கள். தலைக்கும் கழுத்துக்கும் தனியாகக் கோரை சுற்றியிருந்தார்கள். சிலவற்றுக்குக் கறுப்பும் செம்பழுப்பும் பூசி, விலாவில் வெள்ளை இறகு செருகியிருந்தார்கள். பார்த்தவுடன் ‘கான்வாஸ்பேக்’ என்ற வாத்தினம் என்று அடையாளம் சொல்ல முடிந்தது. அவற்றின் வயது சுமார் 2000 ஆண்டுகள்.

செய்தவர்கள் அந்தப் பகுதியின் ஏரிகளை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள். துப்பாக்கி இல்லாத காலத்தில் வாத்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். வரவழைக்க ஒரு பொம்மை வேண்டும். ஆனால் பொம்மை மட்டும் போதாது. வானத்தில் பறக்கும் வாத்து எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் திரும்பி இறங்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைச் சொல்வது காற்று.

இன்றும் வட அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஏரிக்கரையில் செய்யும் முதல் வேலை காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான். பொம்மைகளை இறக்குவது, மறைவிடம் அமைப்பது, வாத்தைக் கூப்பிடும் குழலை ஊதுவது எல்லாம் அதற்குப் பிறகு. காற்று பலமாக வீசினால் வேட்டை கெட்டுவிடும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அனுபவப்பட்டவர்களிடம் கேட்டால், காற்றே இல்லாத நாளைத்தான் மோசமான நாள் என்பார்கள்.

முகம் காற்றைப் பார்த்து

பறவை இறங்கும் விதம் விமானம் இறங்குவதைப் போன்றதே. இரண்டுமே கூடியவரை எதிர்காற்றில்தான் இறங்கும். சிறகின் மேல் போதிய வேகத்தில் காற்று ஓடினால்தான் உடல் அந்தரத்தில் நிற்கும். ஒரு வாத்து விழாமல் பறக்க மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தண்ணீரை நோக்கி அது நகரும் வேகம் வெறும் 15 கிலோமீட்டர்தான். மெதுவாக, பத்திரமாக இறங்கலாம். அதே வாத்து காற்றின் போக்கோடு இறங்க முயன்றால் 65 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரில் மோத வேண்டியிருக்கும். எனவே எந்தத் திசையிலிருந்து வந்தாலும், கடைசியில் ஒரு வட்டம் அடித்து, காற்றுக்கு முகம் கொடுத்து, சிறகைக் கவிழ்த்துக் காலை நீட்டி இறங்கும்.

இறங்கிய பிறகும் இதே கதைதான். காற்று பின்னாலிருந்து அடித்தால் இறகு கலைந்து குளிர் உள்ளே புகும். அதனால் தண்ணீரில் மிதக்கும் கூட்டமும், வயலில் மேயும் கூட்டமும் பெரும்பாலும் காற்றைப் பார்த்தே இருக்கும். திடீரென்று எழும்ப வேண்டியிருந்தாலும் அந்தப் பக்கம்தான் வசதி.

காற்று அடிக்கும் நாளில் வாத்துகள் இடமும் மாறும். பரந்த ஏரியின் நடுவில் அலை எழும்பினால் அங்கே ஓய்வெடுக்க முடியாது. கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, கரை மறைக்கும் வளைகுடாக்களையும் நாணல் சூழ்ந்த ஒதுக்குப்புறங்களையும் தேடி வரும். காற்றில்லாத நாளில் அதே வாத்துகள் பகல் முழுவதும் நடு ஏரியில், யார் கைக்கும் எட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். காற்றடிக்கும் நாளை வேட்டைக்காரர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பொம்மைகளின் அணிவகுப்பு

பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் அப்படியே கொட்டிவிட முடியாது. வேட்டைக்காரர் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அவருக்கு எதிரே தண்ணீரில் பொம்மைகளை ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போலவோ, வாய் அகன்ற ‘யு’ எழுத்தைப் போலவோ பரப்புவார். வளைவின் நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விடுவார். வாத்துகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வாத்துகளின் தலைக்கு மேலாகத் தாழப் பறந்து இறங்க விரும்புவதில்லை. கூட்டத்தின் பின்புறத்திலிருந்து எதிர்காற்றில் வந்து, காலியாக உள்ள இடத்தில் இறங்கும். ஆகவே அந்த வெற்றிடத்தின் வாய், காற்று போகும் பக்கமாகத் திறந்திருக்க வேண்டும். அதுவும் மறைவிடத்திலிருந்து 20, 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 35 மீட்டரைத் தாண்டினால் சிதறு குண்டு பறவையைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் வாய்ப்பு அதிகம்.

ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சூட்சுமம் அடிவயிற்றில் இருக்கிறது. படகுக்கு இருப்பதுபோல நீளவாக்கில் ஒரு பட்டை. அதற்குள் மணலோ எடைக்கட்டியோ இருக்கும். காற்று ஒரு பக்கமாகத் தள்ளினாலும் பொம்மை கவிழாமல் நிமிர்வது இதனால்தான். பட்டையின் முன்நுனியில், அதாவது நெஞ்சுக்குக் கீழே, கயிறு கட்டும் துளை இருக்கும். கயிற்றின் மறுமுனையில் ஈயக்கட்டி. கயிறு முன்னால் பிடிப்பதால் காற்று உடலைப் பின்னால் தள்ளும். பொம்மை தானாகவே திரும்பி, உயிருள்ள வாத்தைப் போலக் காற்றுக்கு முகம் காட்டும். துளை நடுவில் இருந்தால் பொம்மை பக்கவாட்டில் அலைக்கழிந்து, பார்த்தவுடன் பொய் வெளிப்பட்டுவிடும்.

பலத்த காற்றுக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும். ஆழம் குறைவு என்று கயிற்றையும் குறைத்தால், அலை எழும்போது ஈயக்கட்டி தரையிலிருந்து தூக்கப்பட்டுப் பொம்மைகள் ஊர்வலமாக எதிர்க்கரைக்குப் போய்விடும். எனவே எடையைக் கூட்டி, கயிற்றையும் நீளமாக விடுகிறார்கள். நீளமான கயிற்றில் பொம்மை தாராளமாக ஆடும் என்பதால் பக்கத்துப் பொம்மையோடு சிக்கிக்கொள்ளாதபடி இடைவெளியையும் கூட்டுகிறார்கள். வயலில் வாத்துப் பொம்மைகளைக் குச்சியில் நட்டு வைப்பவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். காற்று திசை மாறினால் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் நிறுத்தினாலும் தப்பு. உயிருள்ள கூட்டம் ஏறத்தாழ ஒரே திசையைப் பார்க்குமே தவிர, அளவெடுத்து வைத்ததுபோல இருக்காது.

அசைவைப் பொறுத்தவரை காற்று இலவசமாக உழைக்கிறது. காற்றே இல்லாத காலையில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். அதில் அசையாமல் நிற்கும் பொம்மைகளை வாத்துகள் ஒரு சுற்றிலேயே சந்தேகப்பட்டுவிடும். அப்படிப்பட்ட நாளில் பொம்மைகளில் கயிறு கட்டி இழுத்து ஆட்டுவார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் வெள்ளம் நிறைந்த காடுகளில் வேட்டையாடுகிறவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்புவார்கள். 1990களின் இறுதியில் மோட்டாரில் சிறகு சுழலும் பொம்மைகள் கலிபோர்னியாவில் பரவின. அவை மிகையாக வேலை செய்ததால் சில மாநிலங்கள் தடையும் கட்டுப்பாடும் விதித்தன. நல்ல காற்று உள்ள நாளில் இவை எதுவும் தேவையில்லை. அலை ஒவ்வொரு பொம்மையையும் ஒவ்வொரு விதமாக ஆட்டிக்கொண்டே இருக்கும்.

குரல் எந்தப் பக்கம் போகும்?

பொம்மை கண்ணுக்கு. குழல் காதுக்கு.

வாத்துக் குழலின் உள்ளே சிறு நாக்கு ஒன்று அதிர்கிறது. நாகஸ்வரத்துக்குச் சீவாளி செய்யும் வேலையை அது செய்கிறது. 1870இல் டெட்ராய்ட் நகரின் ஈலம் ஃபிஷர் வாத்துக் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் இல்லினாய் மாநிலத்துப் பெக்கின் ஊரின் பிலிப் ஓல்ட், கடின ரப்பரில் ‘டி-2’ என்ற குழலைக் கொண்டு வந்தார். ஈரத்தில் ஊறி மாறாத அந்தக் குழல் தலைமுறைகளாக விற்றது. இன்று மரத்திலும் அக்ரிலிக்கிலும் குழல்கள் வருகின்றன. ‘குவாக், குவாக்’ என்று உரக்கக் கத்துவது பெட்டை மல்லார்ட் வாத்து; ஆணின் குரல் தாழ்ந்து கரகரப்பாக இருக்கும். எனவே பெரும்பாலான குழல்கள் பெட்டையின் குரலைத்தான் எடுக்கின்றன.

தூரத்தில் பறக்கும் கூட்டத்தைக் கூப்பிட ஒரு குரல், மேயும்போது கொறிக்கும் ஒலி, திரும்பிப் போகிறவற்றை மறிக்க ஒரு குரல் என்று இதற்கு ஒரு மொழியே இருக்கிறது. ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் 1936 முதல் உலக வாத்து அழைப்புப் போட்டி நடக்கிறது. முதல் வெற்றியாளருக்குக் கிடைத்த பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள வேட்டைக் கோட்டு. போட்டியாளருக்குத் தரப்படும் 90 வினாடிகளுக்குள் அத்தனை குரல்களையும் காட்ட வேண்டும். அந்த ஊர் இதற்குப் பேர்போனதற்குக் காரணம் நெல். அமெரிக்க அரிசியில் ஏறத்தாழ பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்காக மிசிசிப்பி ஆற்றோரமாக வாத்துகள் இறங்கி வருகின்றன.

காற்று குரலை என்ன செய்கிறது? காற்றின் இரைச்சலும் நாணலின் சலசலப்பும் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது. தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும், உயரத்தில் உள்ளது வேகமாகவும் ஓடுகிறது. இந்த வேறுபாட்டால், காற்றின் போக்கில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். அந்தப் பக்கம் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் வாத்துக்குக் குரல் எட்டாமலே போகலாம்.

இங்கேதான் எல்லாம் ஒன்று சேர்கிறது. வேட்டைக்காரர் காற்றுக்கு முதுகு காட்டியிருக்கிறார். வாத்துகள் எதிர்காற்றில், அவருக்கு நேரெதிரே வரப்போகின்றன. எனவே அவருடைய குரல் காற்றின் போக்கிலேயே வாத்துகளை நோக்கிப் போகிறது. பொம்மைக்குச் சரியான இடம் எதுவோ, அதுவே குரலுக்கும் சரியான இடம். கூட்டம் தொலைவில் இருக்கும்போது, சத்தம் பெரிதாக வரும் ஒற்றை நாக்குக் குழலில் நீட்டி ஊதுவார்கள். கூட்டம் திரும்பிவிட்டால் குரலைத் தாழ்த்துவார்கள். முதுகுப் பக்கமாகப் போகும் கூட்டத்துக்கு எவ்வளவு ஊதினாலும் பலன் குறைவு. கற்றுக்குட்டிகள் மூச்சை வீணாக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

வலைக்குழாயும் புகையும்

துப்பாக்கி இல்லாமலே காற்றைக் கணக்கிட்டு ஆயிரக்கணக்கில் வாத்து பிடித்தவர்கள் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்தார்கள். ஒரு சிறு குளம். அதன் ஓரங்களிலிருந்து நட்சத்திரத்தின் முனைகளைப் போல வளைந்து செல்லும் வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலின் மேலும் வளையங்கள் நட்டு வலை போர்த்தி, போகப்போகக் குறுகும் குழாயாக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் நாணல் தட்டிகள். தட்டிக்குப் பின்னாலிருந்து நரி போன்ற செந்நிறச் சிறு நாய் ஒன்று தோன்றித் தோன்றி மறையும். பகையை ஒன்றுகூடி விரட்டும் குணத்தால் வாத்துகள் நாயைப் பின்தொடர்ந்து குழாய்க்குள் நீந்திப் போகும். அப்போது பிடிப்பவர் பின்னால் தன்னைக் காட்டிக்கொள்வார். வாத்துகள் மிரண்டு முன்னோக்கிப் பறந்து குழாயின் கடைசியில் சிக்கும்.

ஒரு குளத்துக்குப் பல குழாய்கள் எதற்கு? காற்றுக்காக. வாத்து எதிர்காற்றில்தான் எழும்பும். எனவே அன்றைய காற்று எந்தக் குழாயின் உள்ளேயிருந்து குளத்தை நோக்கி வீசுகிறதோ, அந்தக் குழாயில்தான் வேலை. அப்படியென்றால் மறைந்து நிற்கும் மனிதரின் வாடையும் காற்றோடு வாத்துகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதற்காகக் கனலும் கரிமண் கட்டி ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டு, புகையில் தம் வாடையை மறைத்தார்கள். 1886இல் ரால்ஃப் பெய்ன்-கால்வே இந்தத் தொழில்முறையை ஒரு முழு நூலாகவே எழுதி வைத்தார். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள போர்ஸ்டல் குளம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இத்தகைய குளங்கள் சிலவற்றில் பிற்காலத்தில் வாத்துகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, வலசை ஆராய்ச்சிக்காகத் திரும்பப் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

மூக்கை நம்பும் விலங்கு

பறவை வேட்டையில் கைகொடுக்கும் காற்று விலங்கு வேட்டையில் வேட்டைக்காரருக்கு எதிராகத் திரும்புகிறது. கனடாவின் காடுகளில் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிக் கூம்பாக்கி, அதன் வழியே பெண் மூஸ் மானின் குரலை எழுப்புவார்கள். இலையுதிர் காலத்து இணைசேரும் பருவத்தில் ஆண் மூஸ் அந்தக் குரலைத் தேடி வரும். ஆனால் நேராக வராது. குரல் வந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று போகும் பக்கமாகப் போய் நின்று மோப்பம் பிடிக்கும். மனித வாடை பட்டால் அத்துடன் சரி. கொயோட்டி என்ற காட்டு நாயினமும் அப்படியே. அதனால் இங்கே காற்றில்லாத விடியற்காலையைத்தான் விரும்புகிறார்கள். காற்று இருந்தால் ஒருவர் குரல் கொடுப்பார். இன்னொருவர், விலங்கு சுற்றி வரக்கூடிய பாதையைப் பார்த்தபடி தள்ளிக் காத்திருப்பார். காது நம்பியதை மூக்கு சரிபார்க்கும் விலங்கிடம் குரல் வித்தை பாதி வேலைதான் செய்யும்.

ஏமாற்றுக்கு எல்லை

திறமை கூடக்கூடப் பறவைகள் குறைந்தன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சந்தைகளுக்காகப் பறவைகளை வண்டி வண்டியாகச் சுட்டார்கள். பழக்கிய உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து, அவற்றின் குரலால் காட்டு வாத்துகளை இறக்கினார்கள். 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. 1935இல் உயிருள்ள வாத்தைக் கட்டி வைப்பதும், இரை தூவி வரவழைப்பதும் தடைசெய்யப்பட்டன. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது என்ற விதியும் வந்தது. பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போடுவதும் வாத்து வேட்டையில் குற்றம். பனி வாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகி ஆர்க்டிக் புல்வெளிகளை அழித்ததால், 1999 முதல் அவற்றுக்கு மட்டும் தனிக் காலத்தில் விலக்கு தரப்பட்டது. வாத்துகளைச் சுட ஈயக் குண்டு 1991 முதல் அந்த நாடு முழுவதும் கூடாது.

அதாவது, மரப் பொம்மையும் மூச்சால் ஊதும் குழலும் சரி, அதற்கு மேல் கூடாது என்று சட்டம் கோடு கிழித்திருக்கிறது. பறவைக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அந்தக் கோட்டின் நியாயம். பாதுகாப்புக்குப் பணமும் வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. 1934 முதல் 16 வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் ‘வாத்து முத்திரை’ வாங்க வேண்டும். இன்று அதன் விலை 25 டாலர். வருவாயில் 98 சதவீதம் சதுப்புநிலங்களைக் காக்கச் செல்கிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. பழைய மரப் பொம்மைகளோ கலைப்பொருள்களாகிவிட்டன. மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செதுக்கிய ஊசிவால் வாத்து ஒன்று 2007இல் 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

தமிழ் நிலத்துக்கும் இந்த வித்தை புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பில், மற்ற மான்களை வரவழைப்பதற்காகப் பழக்கிய மான் விளா மரத்தடியில் கட்டப்பட்டிருக்கிறது. இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம்; கண்ணி வைப்பதும் இரை வைத்துப் பிடிப்பதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. அந்தத் தடை இங்கே சரியானது. ஏரிகள் சுருங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் வலசை வரும் பறவைகளுக்கு நாம் தரக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. படம் எடுப்பதற்காகக் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். இல்லாத எதிரியைத் தேடியும் இல்லாத துணையைத் தேடியும் பறவை தன் நேரத்தையும் வலுவையும் வீணாக்குகிறது.

வேட்டைக்காரர்களின் காற்றுப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்கும் கோடியக்கரைக்கும் வருகின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும் ஒரு காலையில் அங்கே போங்கள். ஒரு பிடி புழுதியைத் தூவித் திசையைத் தெரிந்துகொண்டு, காற்று முதுகில் படும்படி கரையில் அசையாமல் நில்லுங்கள். காலை வெயிலும் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கமே இருக்கும். பொம்மையும் வேண்டாம், குழலும் வேண்டாம். இறங்கும் வாத்துகள் உங்களை நோக்கித்தான் வரும்.